ஜம்ஷீத் என்னும் பெயர்

ஊரிலிருந்து உறவினர் வந்தால், ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அவர்களுக்குச் சார்மினாரைக் காட்டுவார்கள். சாலர்ஜங் அருங்காட்சியகத்தைக் காட்டுவார்கள். பின்பு கோல்கொண்டாக் கோட்டைக்கு அழைத்துச் சென்று, வாயிலில் கைதட்டினால் மலையுச்சியில் ஒலி கேட்கும் விந்தையையும் காட்டுவார்கள். அதற்குள் வெயில் ஏறிவிடும். கோட்டைக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் குதுப் ஷாஹி மன்னர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே செல்பவர்கள் சிலரே. சென்றவர்களும் பெரிய பெரிய குவிமாடங்களைக் கண்டு வியந்து திரும்பிவிடுவார்கள்.

அந்தத் தோட்டத்திலே ஒரு கல்லறை மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நிற்கிறது. ஏனைய மன்னர்களின் கட்டடங்கள் சதுரமானவை. இது எண்கோண வடிவில், ஒடுங்கி உயர்ந்து, இரண்டு அடுக்குகளாக எழும்பியிருக்கிறது. ஏனைய மன்னர்களின் சமாதிக் கற்கள் பளபளக்கும் கருங்கல்லால் ஆனவை. அவற்றில் அழகிய அரபு எழுத்துகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தச் சமாதியில் அத்தகைய கருங்கல்லும் இல்லை. ஓர் எழுத்தும் இல்லை. இங்கே உறங்குகிறவன் யார் என்று பிறர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். அவன் பெயர் ஜம்ஷீத். கோல்கொண்டாவை 1543 முதல் 1550 வரை ஆண்ட இரண்டாவது குதுப் ஷாஹி மன்னன்.

கல்லில் எழுதப்படாத இந்தப் பெயர் மிகவும் பழமையானது. கோல்கொண்டாவின் வயது அதற்கு முன்னே ஒரு பொருட்டல்ல. அது எங்கே பிறந்தது, யார் யார் அதைத் தாங்கினார்கள், தாங்கியவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்பவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலில் இந்த மன்னனின் முழுப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜம்ஷீத் குலி குதுப் ஷா. குலி என்பது துருக்கியச் சொல். அடியான் என்பது அதன் பொருள். குதுப் என்பது அரபுச் சொல். உலகம் சுழலும் அச்சு, துருவம் என்று பொருள்படும். ஷா என்பது ஈரானியச் சொல். அரசன் என்று பொருள். க்ஷத்திரியன் என்று நாம் வழங்கும் வடசொல்லும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கும் ஜம்ஷீத் என்பதும் ஈரானியப் பெயரே. துருக்கிய இனத்தவன் ஒருவன் தக்காணத்துத் தெலுங்கு நாட்டை ஆண்டபோது மூன்று மொழிச் சொற்களைத் தன் பெயரிலே சுமந்திருந்தான். ஆயினும் அவற்றுள் மிகத் தொன்மையான சொல் தமிழர் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லுக்கு உடன்பிறப்பு என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்படைவார்கள்.

பண்டை ஈரானியரின் மறைநூல் அவெஸ்தா. அதில் யிம க்ஷயேத என்றொரு பேரரசன் வருகிறான். க்ஷயேத என்பது ஒளி மிக்கவன், மாட்சி மிக்கவன் என்னும் அடைமொழி. சூரியனுக்கும் அதே அடைமொழி உண்டு. அதுவே பிற்காலத்தில் குர்ஷீத் என்றாயிற்று. ஹைதராபாத்தில் பழைய நகரத்துப் பக்கம் குர்ஷீத் ஜா தேவ்டி என்னும் பழைய மாளிகையைக் கண்டவர்கள் அந்தச் சொல்லை நினைவு கூரலாம். குர்ஷீத் என்பதில் உள்ள ஷீத் எதுவோ அதுவே ஜம்ஷீத் என்பதிலும் உள்ள ஷீத்.

எஞ்சியிருப்பது யிம என்னும் பகுதி. சொல்லின் முதலில் வரும் யகரம் பாரசீகத்தில் காலப்போக்கில் ஜகரமாக மாறிவிட்டது. வடமொழியில் யவ என்றால் வாற்கோதுமை. பாரசீகத்தில் அது ஜவ். வடமொழியில் யுவன் என்றால் இளைஞன்; பாரசீகத்தில் அது ஜவான். எல்லையில் காவல் நிற்கும் நம் ஜவான்களை அந்தப் பெயரால்தான் அழைக்கிறோம். அவ்வாறே யிம என்பது ஜம் ஆயிற்று. இந்த யிமனுடைய தந்தையின் பெயர் விவஹ்வந்த் என்று அவெஸ்தா கூறுகிறது. ரிக் வேதத்திலே விவஸ்வானின் மகன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் யமன்.

ஆம், ஜம்ஷீத் என்னும் பெயரின் முற்பகுதியும், நாம் எமன் என்று அஞ்சிச் சொல்லும் பெயரும் ஒன்றே. ஈரானியரின் முன்னோரும் வேத மொழி பேசியோரின் முன்னோரும் ஒரே மொழி பேசி ஒன்றாக வாழ்ந்த காலத்தில் இந்தப் பெயர் பொதுவாக இருந்தது என்று மொழிநூலார் கூறுவர். இரட்டையருள் ஒருவன் என்பதே அதன் மூலப்பொருள். வேதத்தில் யமனுக்கு யமி என்னும் இரட்டைச் சகோதரி உண்டு; பிற்கால ஈரானிய நூல்களிலும் ஜம்முக்கு அத்தகைய சகோதரி சொல்லப்படுகிறாள். வடமாநிலங்களில் வாழும் நேயர்கள், அங்குள்ள நாட்டுப்புற மக்கள் யமராஜனை ஜம்ராஜ் என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அது இந்தியாவிலே தனியாக நிகழ்ந்த ஒலிமாற்றம். ஆனால் வந்து சேர்ந்த இடம் ஒன்றாகவே இருக்கிறது.

பெயர் ஒன்று, பிரிந்தபின் அது கண்ட வாழ்வு இரண்டு. ரிக் வேதத்து யமன் இறந்த மனிதர்களுள் முதல்வன். மறுமைக்குச் செல்லும் வழியை முதலில் கண்டவன் அவனே. ஆதலால் முன்னோர் வாழும் நல்லுலகிற்கு அவன் அரசனானான். பின்னர்ப் புராண காலத்தில் எருமைமேல் ஏறிப் பாசக்கயிறு வீசும் தெய்வமாக மாறினான். தமிழர் தமக்கே உரிய கூற்றுவன் என்ற சொல்லையும் அவனுக்கு வழங்கினார்கள். உடலையும் உயிரையும் கூறுபடுத்துபவன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். திருக்கடவூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவபெருமானிடம் உதைபட்டவனும் அவனே. ஸ்ரீவாஞ்சியத்திலும் திருப்பைஞ்ஞீலியிலும் தனிச் சந்நிதி பெற்று வணங்கப்படுபவனும் அவனே.

ஈரானிலோ அவன் மண்ணுலகை ஆண்ட மன்னன். அவனுடைய ஆட்சியில் கடுங்குளிர் இல்லை, கடும்வெப்பம் இல்லை, மூப்பும் சாவும் இல்லை என்று அவெஸ்தா பாடுகிறது. மக்களும் மாக்களும் பெருகியபடியால் நிலவுலகையே மும்முறை விரிவாக்கினான் என்றும், பேரழிவான பனிக்காலம் வரப்போவதை இறைவன் முன்னறிவிக்க, ஒரு பெரிய அரணை அமைத்து மனிதர், விலங்கு, மரம், செடி ஆகியவற்றின் சிறந்த வித்துகளை அதனுள்ளே காத்தான் என்றும் கதை உண்டு. ஒரு நாட்டில் சாவே இல்லாத காலத்தின் அரசன். மறுநாட்டில் சாவுக்கே அரசன். ஆயினும் பழைய உறவின் சாயல் முற்றிலும் அழிந்துவிடவில்லை. எமனுக்கு நாம் இன்றும் தருமராசன் என்று பெயர் வழங்குகிறோம் அல்லவா? நடுநிலை தவறாத மன்னன் என்னும் அந்த மதிப்பிலே ஈரானிய யிமனின் நிழல் தெரிகிறது.

பாரசீகப் பெருங்கவிஞர் பிர்தௌசி 1010-ஆம் ஆண்டில் முடித்த ஷாநாமா என்னும் காப்பியம் ஜம்ஷீதின் கதையை நாடறியச் செய்தது. ஜம்ஷீத் எழுநூறு ஆண்டுகள் ஆண்டான். இரும்பை உருக்கிப் படைக்கலம் செய்யக் கற்பித்தான். நூல் நூற்கவும் ஆடை நெய்யவும் கற்பித்தான். மக்களைத் தொழில்வாரியாக வகுத்தான். செங்கல் அறுத்து மாளிகைகள் கட்டச் செய்தான். மணப்பொருளும் மருந்தும் மரக்கலமும் அவன் தந்தவை. அவன் ஒளிமிக்க அரியணையில் வானத்தில் எழுந்த நாளே புத்தாண்டு நாளாகிய நவ்ரோஸ் என்று மக்கள் கொண்டாடினார்கள். இரவும் பகலும் சமமாகும் மார்ச் 21-ஐ ஒட்டி வரும் அந்த விழாவை நம் நாட்டுப் பார்சிகள் இன்றும் ஜம்ஷெதி நவ்ரோஸ் என்றே சொல்கிறார்கள்.

இத்துணைச் சிறப்பும் ஒரு குற்றத்தால் அழிந்தது. உலகில் உள்ள நன்மையெல்லாம் தன்னால் வந்தது என்று ஜம்ஷீத் செருக்குற்றான். தன்னையே கடவுளாகத் தொழச் சொன்னான். உடனே அரசர்க்குரிய தெய்வ ஒளி அவனை விட்டு நீங்கிற்று. தந்தையின் சாவுக்கு உடன்பட்டு அரசேறிய ஸஹ்ஹாக் என்னும் கொடியவன் அவனை வென்று, வாளரத்தால் இருகூறாக அறுத்தான். பின்னர் ஜம்ஷீதின் வழிவந்த பரீதூன் தோன்றி ஸஹ்ஹாக்கை மலையிலே பிணித்தான். தந்தையைக் கொல்ல இசைந்து பட்டம் பெற்றவன் ஸஹ்ஹாக் என்பதை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

ஜம்ஷீதின் புகழ் பெருகியதால் பிறருடைய பெருமைகளும் அவனைச் சென்று சேர்ந்தன. உலகமெல்லாம் தெரியும் மாயக் கிண்ணம் ஷாநாமாவில் கைகுஸ்ரோ என்னும் மன்னனுக்கு உரியது. பிற்காலக் கவிஞர் அதை ஜம்ஷீதின் கிண்ணம் என்று பாடினர். பம்பாயில் 1832-இல் தோன்றிய பார்சிப் பத்திரிகை ஒன்று ஜாமே ஜம்ஷெத், அதாவது ஜம்ஷீதின் கிண்ணம், என்று அதனால்தான் பெயர் பெற்றது. மாமன்னன் தாரியஸ் கட்டத் தொடங்கி, கி.மு. 330-இல் அலெக்ஸாந்தரால் எரியுண்ட பெர்சிபொலிஸ் நகரத்தின் இடிபாடுகளைக் கண்ட பின்னாளைய மக்கள், கட்டியவன் யாரென்பதை மறந்து, அந்த இடத்துக்குத் தக்தே ஜம்ஷீத், ஜம்ஷீதின் அரியணை, என்று பெயரிட்டுவிட்டார்கள். பாழடைந்த இடத்தைப் பார்த்ததும் பாண்டவர் வனவாசம் செய்த இடம் என்று நம் ஊரில் சொல்வதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

இனிக் கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். அந்தப் பெர்சிபொலிஸ் நகரத்திலேயே தாரியஸ் காலத்து அரசாங்கக் கணக்குகள் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில், ஈலம் மொழியில், எழுதப்பட்டுக் கிடைத்திருக்கின்றன. தானியமும் மதுவும் அளந்த கணக்குகள் அவை. அவற்றுள் யமக்ஷெத்த என்று படிக்கத் தக்க ஒரு பெயர் காணப்படுகிறது. ஆகவே இற்றைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே காப்பிய நாயகனின் பெயரைச் சாதாரண மனிதர்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள் என்பது தெளிவு. இராமன் என்றும் கண்ணன் என்றும் நாம் பெயர் வைப்பதைப் போன்றதே அது.

கதையிலே அரசன் தாங்கிய பெயரைப் பின்னர் ஓர் அறிஞர் பெருமைப்படுத்தினார். ஈரானில் காஷான் நகரத்தில் சுமார் 1380-இல் பிறந்த கியாசுத்தீன் ஜம்ஷீத் அல்காஷி ஒரு கணித மேதை. தைமூரின் பேரனும் வானநூல் வல்லவனுமான உலூக் பேக் அழைக்க, சொந்த ஊரை விட்டுச் சமர்க்கந்து சென்று, அங்கு வானாய்வுக் கூடத்திலே பணியாற்றினார். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை 1424-இல் பதினாறு தசம இடங்கள் வரை துல்லியமாகக் கணக்கிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் கேரளத்துச் சங்கமகிராம மாதவர் பதினொரு இடங்கள் வரை கண்டிருந்தார். இரண்டு நூற்றாண்டுகள் போல அல்காஷியின் கணக்கை எவரும் விஞ்சவில்லை.

அல்காஷியின் வாழ்வை நமக்கு நெருக்கமாக்குவது வேறொன்று. சமர்க்கந்திலிருந்து அவர் ஊரிலிருந்த தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. புது ஊரின் அறிஞர் அவை எப்படியிருக்கிறது, அரசன் எத்துணைப் படித்தவன், எந்தச் சிக்கலான கணக்கைத் தாம் தீர்த்துக் காட்டினார், எவ்வாறு மதிப்புப் பெற்றார் என்றெல்லாம் அவற்றில் எழுதுகிறார். வேலைக்காக வெளியூர் சென்ற பிள்ளை, நான் இங்கே நன்றாக இருக்கிறேன், என்னை மதிக்கிறார்கள் என்று அப்பாவுக்கு எழுதும் கடிதத்தை நம்மில் எழுதாதவர் யார்? 1429-இல் அவர் சமர்க்கந்திலேயே காலமானார்.

அல்காஷி மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் கோல்கொண்டாவில் மற்றொரு ஜம்ஷீத். இவனுடைய தந்தை சுல்தான் குலி, ஈரானின் ஹமதான் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தக்காணம் வந்தவன். வென்ற பகைவர்களுக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறிய துருக்கமான் அரச மரபு அவனுடையது. பாமினி அரசில் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தெலங்கானாவின் ஆளுநரானான். 1518-ஐ அவனுடைய தனியாட்சியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. மண் கோட்டையாக இருந்த கோல்கொண்டாவைத் தலைநகராக்கினான். தன் பிள்ளைகளுள் ஒருவனுக்கு ஷாநாமாவின் பேரரசன் பெயரைச் சூட்டினான். தாய்நாட்டை விட்டு வந்தவன், அந்த நாட்டின் மிகப் பெரிய பெயரை மகனுக்குக் கொடுத்தான். வெளிமாநிலத்தில் பிறந்த குழந்தைக்கு இளங்கோ என்றும் கபிலன் என்றும் பெயரிடும் தந்தையின் உள்ளத்தை அறிந்தவர்கள் அவனுடைய உள்ளத்தையும் அறிவார்கள்.

அந்தத் தந்தை நெடுங்காலம் வாழ்ந்தான். முதுமை எய்தியும் அரியணையை விட்டு இறங்கவில்லை. காத்திருந்து ஜம்ஷீதின் தாடியும் நரைத்தது என்பார்கள். மூத்தவன் குதுபுத்தீனுக்கே பட்டம் என்று தந்தை முடிவு செய்திருந்தான். 1543 செப்டம்பரில், கோட்டையின் பெரிய பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தபோது, சுல்தான் குலி வெட்டிக் கொல்லப்பட்டான். வாள் எடுத்தவன் யார் என்பதில் பழைய நூல்கள் வேறுபடுகின்றன. எடுக்கத் தூண்டியவன் ஜம்ஷீத் என்பதில் ஒன்றுபடுகின்றன. பட்டத்துக்குரிய அண்ணனின் கண்கள் பறிக்கப்பட்டன. தேவரகொண்டாவில் இருந்த தம்பி இப்ராஹீம், அடுத்த பலி தானே என்பதை உணர்ந்து பீதருக்கு ஓடினான். அங்கிருந்து விஜயநகரத்தில் அடைக்கலம் புகுந்தான்.

ஷாநாமாவைப் படித்தவர்கள் அன்று கோல்கொண்டாவில் பலர் இருந்திருப்பர். மன்னனுடைய பெயர் ஜம்ஷீத். அவன் செய்த செயலோ ஸஹ்ஹாக்கின் செயல். இந்த முரணை வாய்விட்டுச் சொல்ல எவருக்குத் துணிவு இருந்திருக்கும்? தமிழில் சொன்னால் இன்னும் எளிது. பெயரின் வேர்ப்பொருள் தெரியாமலே, பெற்ற தந்தைக்கு அவன் எமனாக வந்து நின்றான்.

எனினும் வரலாறு எழுதுவோர் ஒருவனின் குற்றத்தைச் சொல்லும்போது அவனுடைய திறமையை மறைக்கலாகாது. ஜம்ஷீத் பாரசீகத்தில் கவிதை இயற்றினான். போரில் அஞ்சாதவன். பீஜப்பூர், அகமதுநகர், பீதர் அரசுகள் ஒன்றோடொன்று பொருதபோது, எவரும் தன்னைப் புறக்கணிக்க முடியாத நிலையை உருவாக்கிக்கொண்டான். சிறைப்பட்ட பீதர் மன்னன் அலி பரீதை விடுவித்து மீண்டும் அரியணையில் அமர்த்தியவன் அவன். ஆனால் ஆட்சியின் பிற்பகுதியில் கொடிய நோய் அவனைப் பற்றியது. நோயின் துன்பத்தால் சினம் மிகுந்து, சிறு பிழைக்கும் பெருந் தண்டனை விதிக்கலானான் என்று நூல்கள் கூறுகின்றன. 1550 ஜனவரியில் இறந்தான். தந்தையைக் கொன்று பெற்ற அரசு ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அவனுடைய சிறு மகன் சுப்ஹானை அரியணையில் அமர்த்தினார்கள். சில மாதங்களில் அந்த ஆட்சி முடிந்தது. தந்தையின் சமாதிக்கும் பாட்டனின் சமாதிக்கும் இடையே சுப்ஹானின் கல்லறை இருக்கிறது. அதிலும் எழுத்து இல்லை. பாட்டன் சுல்தான் குலியின் சமாதியிலோ, படே மாலிக், பெரிய எசமானர் என்று மக்கள் அன்போடு வழங்கிய பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கொன்றவனுடைய கல் ஊமையாக இருக்க, கொல்லப்பட்டவனுடைய கல் பேசுகிறது.

விஜயநகரத்துக்கு ஓடிய தம்பி என்ன ஆனான்? அளிய ராமராயரின் விருந்தினனாக ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தான். தெலுங்குப் புலவர்கள் போற்றப்பட்ட அவை அது. அங்கே அவன் கண்ட உலகம் வேறு, கேட்ட மொழி வேறு. 1550-இல் திரும்பி வந்து கோல்கொண்டாவின் மன்னனானபோது, தெலுங்கைத் தன் அவைக்கு அழைத்து வந்தான். தெலுங்குப் புலவர்கள் அவன் பெயரைத் தம் மொழிக்கு இசைய மல்கிபராமன் என்று ஆக்கிக்கொண்டார்கள். அத்தங்கி கங்காதர கவி தம்முடைய தபதீ ஸம்வரணோபாக்யானம் என்னும் காவியத்தை அவனுக்கு உரிமையாக்கினார். தபதி யார்? விவஸ்வானாகிய சூரியனின் மகள். எமனுக்குத் தங்கை முறை. எமன் பெயரைத் தாங்கிய ஜம்ஷீதின் தம்பிக்கு, எமனுடைய தங்கையின் கதை காணிக்கையாக வந்தது. கவியோ மன்னனோ இந்த உறவை அறிந்திருக்க வழியில்லை. இன்று அறிந்த நமக்கு அது இனிக்கிறது.

இப்ராஹீமையும் குற்றமற்றவன் என்று சொல்வதற்கில்லை. தன்னைக் காத்த ராமராயருக்கு எதிராகவே 1565-இல் தலைக்கோட்டைப் போரில் மற்றச் சுல்தான்களோடு சேர்ந்து நின்றான். ஆயினும் 1580 வரை நீண்ட அவனுடைய ஆட்சியில்தான் கோல்கொண்டா உறுதிபெற்றது. ஹுசேன் சாகர் ஏரியும் மூசி ஆற்றின் மேல் பழைய பாலமும் அவன் காலத்தவை. அவன் மகன் முகம்மது குலி 1591-இல் ஹைதராபாத் நகரை நிறுவினான். ஜம்ஷீத் தம்பியைத் துரத்தியிராவிட்டால், அந்தத் தம்பி அயலகத்தில் வாழ்ந்து கற்றவற்றைக் கற்றிருக்க மாட்டான்.

ஜம்ஷீத் என்னும் பெயர் ஹைதராபாத்துக்கு இரண்டாம் முறை வந்தபோது வாளோடு வரவில்லை. ஈரானை விட்டு வந்து குஜராத்தில் குடியேறிய பார்சிகள், தம் முன்னோரின் நெருப்பையும் பெயர்களையும் அணையாமல் காத்தார்கள். வாணிகத்துக்காகவும் பணிக்காகவும் அவர்களுள் சிலர் நிஜாமின் நாட்டுக்கு வந்தனர். விக்காஜி, பெஸ்தன்ஜி என்னும் வணிகச் சகோதரர்கள் பெயரால் 1847-இல் சிகந்தராபாத்தில் அமைந்த அக்கினிக் கோயில் இன்றும் இருக்கிறது.

அந்தச் சமுதாயத்தில் தோன்றிய பெரியார் ஒருவர் பரீதூன்ஜி ஜம்ஷெட்ஜி. 1849-இல் பிறந்த இவர், திவானின் அந்தரங்கச் செயலராகப் பணியாற்றினார். நவாப் பரீதூன் முல்க் என்னும் விருதுப் பெயர் பெற்றார். 1922 முதல் 1924 வரை நிர்வாக சபையின் தலைவராகவும் விளங்கினார். பெயரைக் கவனியுங்கள். மகன் பரீதூன், தந்தை ஜம்ஷெட். ஷாநாமாவில் ஜம்ஷீதின் வீழ்ச்சிக்குப் பரிகாரம் தேடியவன் பரீதூன். கோல்கொண்டாவில் கறைபட்ட பெயருக்கு, அதே மண்ணில், இரத்தம் சிந்தாத அரசுப் பணியால் மதிப்பு மீண்டது என்று நாம் கொள்ளலாம்.

இந்தியா முழுவதும் இந்தப் பெயரைப் பரப்பியவர் ஒருவர் உண்டு. 1839-இல் நவ்சாரியில் பிறந்த ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி தாதா 1877-இல் நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் தொடங்கி நெசவுத் தொழிலை வளர்த்தார். பம்பாயில் 1903-இல் தாஜ் மகால் ஓட்டலைத் திறந்தார். இரும்புத் தொழிற்சாலைக்குத் திட்டமிட்டார். பெங்களூரின் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வித்திட்டார். நெசவு, கட்டடம், இரும்பு, கல்வி. காப்பியத்து ஜம்ஷீத் உலகுக்குத் தந்ததாகச் சொல்லப்படும் கலைகளின் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். கதையில் வந்ததை இவர் கணக்குப் பார்த்துச் செய்து முடிக்க முயன்றார். காப்பிய மன்னனைப் போல, எல்லாம் என்னால் என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்கு வாய்ப்பில்லை. 1904-இல் அவர் மறைந்தபோது உருக்காலையும் எழவில்லை. விஞ்ஞானக் கழகமும் பிறக்கவில்லை. கழகம் 1909-இலும், ஆலையிலிருந்து முதல் எஃகு 1912-இலும் வந்தன.

தாம் காணப்போகாத அந்தத் தொழில் நகரத்தைப் பற்றி 1902-இல் அவர் தம் மகன் தோராப்ஜிக்கு ஒரு கடிதம் எழுதினார். தெருக்கள் அகலமாக இருக்கட்டும். விரைந்து வளரும் நிழல் மரங்களை நடு. புல்வெளிக்கும் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடம் விடு. கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் மாதா கோயிலுக்கும் நிலம் ஒதுக்கு என்பன அதன் கருத்து. மகன் அதன்படியே நடந்தார். சாக்சி என்னும் சிற்றூர் வளர்ந்து நகரமாகி, 1919-இல் ஜம்ஷெட்பூர் என்று பெயர் பெற்றது. பணி தேடி அந்த நகருக்குச் சென்ற தமிழர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் தம் பிறந்த ஊர் எது என்று கேட்டால் ஒரு பழைய ஈரானியப் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயருக்குள்ளே எமன் ஒளிந்திருப்பதை அவர்கள் எண்ணுவதில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. சோறு போட்ட பெயர் அது.

மூன்று ஜம்ஷீதுகளை நாம் சற்று விரிவாகக் கண்டோம். ஒருவர் தந்தைக்குக் கடிதம் எழுதினார். ஒருவன் தந்தையைக் கொல்வித்தான். ஒருவர் மகனுக்குக் கடிதம் எழுதினார். மூவருக்கும் பெயர் ஒன்றே. பெயர் நம் முன்னோர் நம்மிடம் ஒப்படைக்கும் பாத்திரம் போன்றது. பாத்திரம் பொன்னாகவே இருந்தாலும், அதில் நாம் எதை ஊற்றுகிறோம் என்பதையே பின்வருவோர் நினைவில் வைப்பார்கள்.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, கோட்டையோடு திரும்பிவிடாமல் அந்தத் தோட்டத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். 2013-இல் தொடங்கிய பெரும் புதுப்பிப்புப் பணியால் அந்தக் கட்டடங்கள் பொலிவு பெற்றிருக்கின்றன. எண்கோணக் கல்லறையில், எழுத்தில்லாத அந்தக் கல்லின் முன்னே சற்று நில்லுங்கள். இது யாருடையது என்று உடன் வந்த குழந்தை கேட்கும். அப்போது தயங்காமல் முழுக் கதையையும் சொல்லுங்கள்: சாவே இல்லாத நாட்டை ஆண்டவனாகச் சொல்லப்பட்ட ஒரு மன்னனின் பெயரைப் பெற்று, தந்தையின் சாவினால் அரசேறி, தன் பெயரைக் கல்லிலே காணாமற் போனவன் ஒருவன் இங்கே உறங்குகிறான் என்று.